பதிலுக்கு நிற்காத குரல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் பேச்சுப் பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று காட்டுகிற நல்ல அனுபவமாக நாலு இருந்தால் போதும் என்றார்கள். நல்ல அனுபவத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை. பேசாத பிள்ளை பேசிய கதையெல்லாம் வரவேற்பறைச் சுவரில் படமாகத் தொங்குகிறது, அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அந்தச் சுவரில் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி. படித்துவிட்டு என் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கே என் மேல் இருக்கும் கோபம் இன்னும் அடங்கவில்லை.

காதுக் கருவியை எப்படிச் சோதிப்பது, எந்தப் படிவத்தை எப்போது நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். அதில் பாதி எனக்கே மறந்துவிட்டது. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. மறக்காதது கோமதியும், அவள் மகள் தர்ஷினியும், அந்த இரண்டு பேருக்கும் நான் செய்த காரியமும்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றது எதையும் மாற்றவில்லை.

கோமதி நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வருகிற துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் ஏதாவது இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடி பார்த்துத் தள்ளுகிற வேலை. கணவர் செந்தில் வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடித்தனம். ஒரே மகள். பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்பது ஒன்றரை வயதுக்கு மேல்தான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்து, காதுக்குள் கருவி வைத்து எங்களிடம் கூட்டி வந்தபோது தர்ஷினிக்கு இரண்டரை வயது. துறுதுறுவென்று இருப்பாள். என் மேசை மேல் இருக்கிற எதையும் விட்டுவைக்க மாட்டாள்.

உங்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். கருவி வைத்தால் சத்தம் கேட்கும். பேச்சு அதனால் மட்டும் வந்துவிடாது. பிள்ளை ‘ஊ’ என்று எதையோ சொல்லும். அம்மா ‘என்ன கண்ணு, பூனையா?’ என்பாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து மறுபடி ‘ஊ’ என்னும். ‘ஆமா, பூனை போயிருச்சு’ என்பாள். இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தால்தான் பேச்சு வளரும். கேட்கிற பிள்ளைகளுக்கு இது யாரும் கவனிக்காமலேயே ஒரு நாளில் எத்தனையோ தடவை நடந்துவிடுகிறது. நம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு அதற்கென்று கிடைப்பது சில வருடங்கள்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் போட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தெரியாமல் தப்பு செய்தேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, மேஸ்திரியிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு கோமதி வருவாள். ஒவ்வொரு தடவையும் நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று. பேசு. வாய் ஓயாமல் பேசு. சோறு ஊட்டும்போது பேசு, தலை சீவும்போது பேசு. இதை நான் யாரிடம் சொன்னேன் என்றால், ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் போய் இருட்டிய பிறகுதான் வெளியே வருவாள். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் பிள்ளை தூங்கிவிடும். ஷிப்மெண்ட் நெருக்கினால் ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போய்விடும். பகல் முழுக்க தர்ஷினி அதே கம்பெனியின் கீழ்த்தளத்தில், வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகளுக்காக இருந்த காப்பகத்தில் இருந்தாள். அம்மா இரண்டாவது மாடியில். நான் ‘பேசினாயா?’ என்று கேட்கும்போதெல்லாம் கோமதி தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தலை நிமிர்ந்து வந்தாள்.

“ஏனுங்க மேடம், ஒண்ணு காட்டோணுங்க. தப்பா இருந்தா சொல்லிப்போடுங்க” என்று போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அவள் குரல். “தர்ஷுக் கண்ணு, அம்மா பேசறேன். சோறு தின்னியா? இது தட்டு. தட்டு. இது டம்ளர். ஜன்னல்ல காக்கா வந்துச்சு. காக்கா. அம்மா மேல வேல செய்யறேன். சாயங்காலம் வந்துருவேன்.” பின்னால் மெஷின் இரைச்சல். யாரோ மாடிப்படி இறங்கிப் போகிற சத்தம்.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல படிக்கட்டுல உக்காந்து பேசி வெச்சுருவனுங்க. ஆயாம்மாகிட்ட பழைய போனு ஒண்ணு குடுத்திருக்கறனுங்க, அதுக்கு அனுப்பிச்சுருவேன். பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ போட்டுக் காட்டுவாங்க.”

நேராகக் கீழே போய்ப் பிள்ளையிடமே பேசலாமே என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

“போய்ப் பாத்தனுங்க. நா திரும்பி மேல ஏறறப்ப ஓன்னு அழுகுதுங்க. அதப் பாத்துட்டு மத்த கொழந்தைங்களும் அழுகுதுங்களாமா. நீ வராம இருந்தாத்தான் கண்ணு எல்லாருக்கும் நல்லதுன்னு ஆயாம்மா சொல்லிப்போட்டாங்க.”

பிள்ளை அழட்டும், நீ போ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரச் சாப்பாட்டு வேளை. அது ஒன்றுதான் பகலில் அந்த இருவருக்கும் கிடைத்த நேரம். அதை அவள் படிக்கட்டில் உட்கார்ந்து போனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றைக் கூடத் தின்னாமல் பேசி வைத்திருக்கிறாளே என்று மனசு இளகிவிட்டது. “அருமையா செஞ்சிருக்கே கோமதி” என்றேன். அதுவரை என்னிடம் திட்டு மட்டுமே வாங்கியவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அடுத்த வாரமும் பாராட்டினேன்.

உண்மையைச் சொன்னால் அதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. நேரமில்லாதவர்களிடம் பேசு பேசு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன். அவர்களுக்கு நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது. வெளியூரிலிருந்து மையத்தைப் பார்வையிட வந்தவர்களுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். கம்பெனிக்குப் போகிற மற்ற அம்மாக்களிடமும் கோமதியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். ஆறு பேர் அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

எட்டு மாதம் போனது. தர்ஷினிக்குக் கருவி நன்றாகவே வேலை செய்தது. பக்கத்து அறையில் கதவு சாத்தினால் திரும்புவாள். பெயரைச் சொன்னால் பார்ப்பாள். காக்கா எங்கே என்றால் படத்தைத் தொடுவாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வந்த புதிதில் இருந்த ‘ஊ’, ‘ஆ’ கூடக் குறைந்துவிட்டிருந்தது. நான் பேசினால் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் கடைசி வரை கேட்பாள். முடித்ததும் ஆள்காட்டி விரலால் என் கையில் ஒரு தட்டு தட்டுவாள். நான் மறுபடி பேச வேண்டும். என்ன சமர்த்து என்று நான் சிரித்தேன்.

அப்போது எங்களிடம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். உங்களைப் போலத்தான், படிப்பை முடித்த கையோடு வந்தவள். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், கோமதி போன பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மேடம், அவ நல்லா கேக்கறா. ஆனா நாம முடிச்சதும் தானும் பேசணும்னு அவளுக்குத் தெரியல. அவ சத்தம் போட்டா யாராவது பதில் சொல்றாங்களா மேடம்?”

“வந்து ரெண்டு மாசத்துல எல்லாம் தெரிஞ்சுபோச்சாக்கும்” என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. சொன்னதில் இருந்த விஷயம் என் காதில் ஏறவேயில்லை, காது கேட்க வைப்பதுதான் என் தொழில்.

அந்த வாரம் அரையாண்டு அறிக்கைகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு கட்டம் வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னேற்றம் குறைவு என்றால் காரணம் எழுதவேண்டிய கட்டம். மேசையில் அறிக்கைகள் குவிந்து கிடந்தன. வெளியே அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினியின் தாளில் அந்தக் கட்டம் வந்ததும், இத்தனை வருடப் பழக்கத்தில் என் கை தானாகவே எழுதியது. ‘வீட்டில் தாய் அளிக்கும் பயிற்சி போதவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல ஒரு நகல் பெற்றோருக்குப் போனது. இந்த வரியை எத்தனை பிள்ளைகளுக்கு எழுதியிருப்பேன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யார் மேலும் கோபமில்லாமல், யாரையும் நினைக்காமல் எழுதுகிற வரி அது.

இரண்டு வாரம் கழித்து, காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கருவி வளையம் அடிக்கடி கழன்று விழுகிறது என்று ஆயா சொன்னதாகக் கோமதி சொன்னாள். ஆயாவுக்கே அதை மாட்டக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியான வேளையில் அந்தக் கம்பெனிக்குப் போனேன்.

காப்பகத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஆயா ஒருத்தி. இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. நல்ல மனுஷி, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. “பாருங்க மேடம், எத்தன அமைதியாக் கேக்கும்னு” என்று பெருமையாகச் சொல்லி, தர்ஷினியின் முன்னால் போனை வைத்துத் தட்டிவிட்டுப் போனாள்.

கோமதியின் குரல் வந்தது. தர்ஷினி போனுக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டாள். “இது என்ன கண்ணு? காக்கா” என்றது போன். தர்ஷினி ‘ஆ...’ என்றாள். எட்டு மாதத்தில் என் அறையில் நான் கேட்காத சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் நிற்கவில்லை. “காக்கா பறந்துபோச்சு” என்று அது பாட்டுக்குப் போனது. தர்ஷினி போனுக்கு இன்னும் கிட்டே போய் முகத்தை வைத்து, சத்தத்தைக் கூட்டி ‘ஆ... ஆ...’ என்றாள். “இது தட்டு. தட்டு” என்றது போன். அவள் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி நேராக வைத்தாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு முடியும் வரை கேட்டாள். முடிந்ததும் விரலால் தட்டினாள்.

என் கையில் தட்டியது இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் குரல் கேட்கிறது, பதில் சொன்னால் அம்மாவிடம் அது போய்ச் சேருவதில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாக எட்டு மாதமாக அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது இதைத்தான். கற்றுக்கொடுத்தது கோமதி இல்லை. நான்.

கோமதி எங்கே என்று கேட்டேன். ஆயா மேலே கையைக் காட்டினாள். ஏறிப் போனேன். படிக்கட்டின் திருப்பத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, மடியில் திறக்காத டிபன் பாக்ஸோடு, போனை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். இருபது படிக்குக் கீழே பிள்ளை. நான் நின்ற நிலையைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

“என்னாச்சுங்க மேடம்? பாப்பாவுக்கு ஏதாச்சுங்களா?”

“ஒண்ணுமில்ல. போனை அணைச்சுட்டுக் கீழ வா. பாப்பாகிட்ட உக்காந்து சாப்பிடு.”

“அழுகுமுங்களே.”

“அழுதா அழட்டும். நீ பேசு, பேசிட்டு அவ வாயப் பாத்துட்டு சும்மா இரு. அவ எதையாவது சொல்ற வரைக்கும் இரு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “அப்ப இது வேண்டாமுங்களா மேடம்? நீங்க நல்லாருக்குதுன்னு சொன்னீங்களே.”

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். நான் சொன்னது தப்பு கோமதி. அவ்வளவுதான். ஒரு மூச்சுக்குக் கூட வராத பேச்சு. நான் சொன்னது என்ன தெரியுமா? “அது முதல் கட்டம் கோமதி. இப்ப அடுத்த கட்டத்துக்குப் போறோம்.” சட்டென்று வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். மற்ற ஆறு அம்மாக்களிடமும் அடுத்த கட்டம் என்றேதான் சொன்னேன்.

மேஸ்திரி நல்லவர், சாப்பாட்டு நேரத்தோடு பத்து நிமிடம் கூடக் கொடுத்தார். முதல் நாலைந்து நாள் காப்பகத்தில் ஒரே அழுகை. அப்புறம் அடங்கியது. அந்தப் புதுப் பெண்தான் கோமதிக்குக் காத்திருக்கப் பழக்கினாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மடியில் வைத்த கையில் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது வாரம் தர்ஷினி அம்மா முகத்தைப் பார்த்து ‘ம்மா’ என்றாள். இரண்டு மாதத்தில் ‘ம்மா வா’ என்றாள். “நா மேல போகட்டுமான்னு கேட்டனுங்க மேடம். ‘ஆ’ன்னு சொல்லும்னு பாத்தா ‘ம்மா வா’ங்குதுங்க” என்று சொல்லும்போது கோமதி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. வயது நாலாகப் போகிறது, நேரம் நிறையப் போய்விட்டது, ஆனாலும் இழுத்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மே மாதக் கடைசியில் செந்தில் வந்தார். அதற்கு முன் இரண்டு மூன்று தடவைதான் வந்திருக்கிறார். கூடவே கோமதி, ஒரு எட்டு பின்னால். கையில் தர்ஷினியின் கோப்பு. அதைத் திறந்து அந்த அறிக்கையை என் முன்னால் வைத்தார். பயிற்சி போதவில்லை என்ற வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள்.

“எங்கண்ணன் படிச்சுச் சொன்னாருங்க மேடம்” என்றார். “நாங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறவங்க. இவளால முடியல, போதலைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. வெளியூர்ல காது கேக்காத கொழந்தைங்க தங்கிப் படிக்கற ஸ்கூல் ஒண்ணு இருக்குதுங்களாமா. நாள் முச்சூடும் பாத்துக்க டீச்சருங்க இருக்கறாங்களாமா. அங்க சேத்திரலாம்னு ஊட்ல எல்லாரும் சொல்றாங்க. வேண்டாங்கறா இவ. எம்புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் மேடம் நா கேக்கறேன். நீங்க எழுதுனது சரிதானுங்களே?”

அவர் கெட்டவர் இல்லை. பயந்து போயிருந்தார். சரிதானே என்று சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“அது அப்ப எழுதினது செந்தில். இப்ப பாப்பா கொஞ்சம் பேசுறா.”

“அதுதாங்க. அப்ப எழுதுனது சரியா, தப்புங்களா?”

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே, கோமதியைப் போலவே போனில் பேசி வைத்த அம்மாக்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலதிகாரி வேறு ஏதோ காகிதத்தோடு வாசலில் நின்றார். தப்பு என்று சொன்னால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று மனசுக்குள் ஓடியது. கைதட்டியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

“ஒரேயடியா தப்புன்னு சொல்ல முடியாது” என்றேன்.

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். செந்தில் கோப்பை மூடினார், கும்பிட்டார், போய்விட்டார்கள். ஜூன் மாதம் பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள்.

பிள்ளைகளே, நெருக்கடி வரும்போது எப்படி முடிவெடுப்பது என்று எழுதச் சொன்னார்கள். நெருக்கடி எனக்கு அப்படித்தான் வந்தது. ஒரு அப்பா ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியும். பூசி மெழுகினேன். நம் தொழிலில் தப்பு நடக்கும், நடக்காமல் இருக்காது. நல்ல மனசோடு செய்கிற தப்புதான் அதிகம். அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம், எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது சொல்லிவிடுங்கள். அந்தக் காரணக் கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதக் கை போகும்போது, அவளிடம் நாம் என்ன சொல்லி அனுப்பினோம் என்று ஒரு தடவை யோசியுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், குடி முழுகிவிடாது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன மே மாதம், பள்ளி விடுமுறையில் பிள்ளை வந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறு வருடம் ஆகியிருந்தது. அதே லைன் வீடுதான்.

தர்ஷினிக்குப் பத்து வயது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இல்லை. பழுதாகி இரண்டு வருடமாகிவிட்டது என்றார் செந்தில். அப்பாவும் மகளும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கை அத்தனை வேகம். பள்ளியில் நடந்த எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள், அவரும் சிரித்தார். மாதா மாதம் பெற்றோருக்கு அங்கே நடத்தும் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாராம். கைமொழியும் மொழிதான் என்று இப்போது உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்குத் தோழிகள் இருக்கிறார்கள், நன்றாகப் படிக்கிறாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட ஒன்றுமில்லை.

கோமதி மட்டும் கையை அசைக்கவில்லை. மகளிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்றால் தோளைத் தொட்டுத் தட்டையும் சொம்பையும் காட்டினாள்.

“நீ கத்துக்கலையா?” என்று கேட்டேன்.

“கை சாடை காட்டினா வாய்ப் பேச்சு வராதுன்னு நீங்கதானுங்களே மேடம் சொன்னீங்க” என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் அப்படிச் சொல்லியிருந்தேன். அப்போதெல்லாம் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னோம். அவள் இன்னும் அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. போனில் பேசி வைத்தது நான் நல்லது என்று சொன்னதால் நடந்தது. பிள்ளை வாய் திறக்காமல் போனது அதனால்தான். நான் எழுதிய அந்த வரி பொய். நீங்கள் கேட்ட அன்றைக்கே தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். கோமதி மேல் ஒரு குற்றமும் இல்லை.

செந்தில் தரையைப் பார்த்தார். “நாலு பேர் முன்னால இவள என்னென்னவோ பேசிப்போட்டனுங்களே மேடம்” என்றார்.

கோமதி என்னைப் பார்த்துச் சொன்னாள். “எனக்குத் தெரியுமுங்க மேடம். அன்னிக்குப் படிக்கட்டுல வந்து நின்னீங்களே, உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. நீங்க சொல்லிருவீங்க, சொல்லிருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்.” உள்ளே இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். “அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா எம்புள்ள எங்கூடவே இருந்திருக்குமுங்க.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே எதையோ வரைந்துகொண்டிருந்த தர்ஷினி அம்மா அழுவதைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து அம்மாவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் எதையோ கேட்டாள். கோமதிக்குப் புரியவில்லை. பிள்ளை மறுபடியும், மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

கோமதி கணவரைப் பார்த்தாள். “என்னங்க கேக்குது?”

“ஏம்மா அழுகறேன்னு கேக்குது.”

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகளின் கன்னத்தில் கையை வைத்துப் பேச வாயைத் திறந்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போடுங்க” என்றாள்.

செந்தில் அதைக் கையால் பிள்ளைக்குச் சொன்னார்.